ரெண்டு பேருதானே, மேடம்!

(பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்கள் கூட்டிய மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த மாணவிகள் "விடுதியும் சாதியும்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் மேடைப் பேச்சாளர் இல்லை. ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பதினோரு வருடமாக அதன் மாணவியர் விடுதியில் துணைக் காப்பாளராகவும் இருக்கிறேன். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற சிலருக்குத் தெரியும். நீங்களும் சொல்லாதீர்கள்.

காப்பாளர் வேலை என்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சாவிக் கொத்தும் வருகைப் பதிவேடும்தான். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். தண்ணீர் மோட்டார் ரிப்பேர், இட்லி மாவு புளித்தது, ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், அரியர் விழுந்து மூன்று நாளாகச் சாப்பிடாத இன்னொரு பிள்ளை, உதவித்தொகை வராததால் மெஸ் பில் கட்ட முடியாத பத்துப் பிள்ளைகள். இதில் சாதி எங்கே வருகிறது? அறைப் பட்டியலில் வருகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பொறுப்பேற்ற முதல் வருடம். சேர்க்கை எண் வரிசைப்படி, அறைக்கு நான்கு பேர் என்று பட்டியல் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அன்று சாயங்காலமே ஒரு அப்பா வந்தார். ரொம்ப மரியாதையான மனிதர். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. நான் சாதி கீதி பாக்குற ஆளு கெடையாது. பிள்ள சைவம். மத்தவங்களோட இருந்தா அவளுக்கு ஒத்துக்காது. இவளும் எங்க ஊருப் பிள்ளையும், ரெண்டு பேருதானே மேடம், வேற ரூம்ல மாத்திப் போட்டா என்ன?" என்றார். எனக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. முதல் நாளிலேயே எதற்கு வம்பு என்று நினைத்தேன். மாற்றிக் கொடுத்தேன்.

அந்த அறையில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி முக்கூடல் பக்கம் ஒரு காலனியிலிருந்து வந்தவள். மற்றவள் தீபாவளி லீவு முடிந்து வந்ததும், "மேடம், எனக்கும் ரூம் மாத்தித் தாங்க, அங்க படிக்க முடியல" என்று வந்து நின்றாள். ரெண்டு பேருக்குக் கொடுத்ததை இவளுக்கு எப்படி மறுப்பது? கொடுத்தேன். பிறகு அடுத்த அறை, அதற்கடுத்த அறை. பொங்கலுக்குள் ஏழு அறைகள் மாறிவிட்டன. எல்லாமே கையெழுத்துப் போட்ட விண்ணப்பங்கள். எதிலும் சாதி என்ற சொல்லே கிடையாது. காற்று வரவில்லை, குளியலறை தூரம், தோழியுடன் சேர்ந்து படிக்க வேண்டும், இப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஒருநாள் மொத்தப் பட்டியலையும் எடுத்துப் பார்க்கிறேன், மாடியும் வராந்தாவுமாக எங்கள் ஊர்த் தெருக்களை அப்படியே கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன்.

முக்கூடல் பிள்ளை நாலு பேர் அறையில் தனியாக இருந்தாள். "தனி ரூமு! குடுத்து வச்சவட்டி நீ" என்று மற்றவர்கள் கேலி பேசுவது என் காதிலும் விழுந்திருக்கிறது. அவளும் சிரிப்பாள். மெஸ்ஸுக்கு எல்லாரும் முடித்த பிறகு வருவாள் என்றும், பல நாள் வருவதே இல்லை, பன்னும் டீயுமாக ஓட்டுகிறாள் என்றும் சமையல் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூப்பிட்டுக் கேட்டேன். "பசிக்கல மேடம்" என்றாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

மாசி மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் மடியில் சுளவை வைத்துக்கொண்டு அம்மாவும் அவளும் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, டீ போடப் போனாள். கல்லூரிக்கு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு மணி நேரம் பேசினேன். "ஒங்க மேல ஒண்ணும் இல்ல மேடம். நீங்க ஒண்ணுமே சொல்லலியே" என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. அவள் வரவே இல்லை.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து மேற்கே, தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவி இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்ட சண்டை ஒன்று அங்கே ஒரு விடுதியின் சாப்பாட்டுக்கூடத்தில்தான் தொடங்கியது. சேரன்மாதேவி குருகுலம் என்று பாடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்திருப்பீர்கள். அதை ஒரு காப்பாளரின் கண்ணால் பாருங்கள்.

குருகுலத்தை 1922-இல் தொடங்கியவர் வ.வே.சு. ஐயர். லண்டனில் புரட்சிக்காரர்களோடு இருந்தவர், திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். வெள்ளைக்காரன் கல்விக்கு மாற்றாகத் தேசியக் கல்வி என்பது நோக்கம். பல சாதியாரும் நன்கொடை கொடுத்தார்கள், கடல் கடந்து மலேயாவிலிருந்தும் பணம் வந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 கொடுத்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும் தனிச் சாப்பாடு, தனித் தண்ணீர். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான். அந்தத் தனிப் பானையில் தண்ணீர் குடித்ததற்காக அவன் தண்டிக்கப்பட்டான் என்பது பெரியார் இயக்க வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பிரதமராகவே ஆனவர் அந்த ரெட்டியார். அவர் பிள்ளைக்கே அந்த நிலை என்றால் சேரிப் பிள்ளையின் நிலையை யாரும் விளக்கத் தேவையில்லை.

வரதராஜுலு நாயுடு இதை வெளியே கொண்டுவந்தார். காங்கிரஸ் செயலாளராக இருந்த பெரியார் மீதிப் பணத்தைக் கொடுக்க மறுத்தார். ஐயரின் பதில் என்ன தெரியுமா? அவர் தனிப்பட்ட முறையில் சேர்ந்துண்ணத் தயங்காதவர் என்றுதான் அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். காந்தியிடம் பஞ்சாயத்துப் போனது. இப்போதிருக்கும் இரண்டு பேர் தனியாகச் சாப்பிடட்டும், இனிமேல் சேர்பவர்களுக்கு அந்தச் சலுகை வேண்டாம் என்று அவர் சமரசம் சொன்னார்.

அந்த அப்பா என்னிடம் கேட்டதும் இதைத்தான். ரெண்டு பேருதானே.

வரதராஜுலுவும் பெரியாரும் ஏன் அந்த இரண்டு பேருக்குக்கூட ஒத்துக்கொள்ளவில்லை என்பது மாணவியாக இதைப் படித்தபோது எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் பிடிவாதமோ என்றுகூட நினைத்திருக்கிறேன். காப்பாளரான பிறகுதான் புரிந்தது. இரண்டு பேர் தனியாக உட்காரும்போது நடப்பது அந்த இரண்டு பேரோடு முடிவதில்லை. மிச்சமிருக்கும் அத்தனை பேரையும் பார்த்து, "உங்களோடு உட்கார்ந்தால் தீட்டு" என்று நிறுவனமே தினம் மூன்று வேளை சொல்கிறது. அந்தப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் எல்லாரும் கொடுத்த பணம்தான் செலவாகிறது. 1925 ஏப்ரலில் பிறப்பின் அடிப்படையில் உயர்வு தாழ்வு கூடாது என்ற எஸ். ராமநாதனின் தீர்மானம் திருச்சியில் காங்கிரஸ் கமிட்டியில் நிறைவேறியது. ராஜாஜி உட்படப் பலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். அதே வருடம் ஜூன் தொடக்கத்தில் பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்துபோனார். மனிதராக அவர்மேல் எனக்கு வருத்தம் உண்டு. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

அந்த 1925-இல்தான் சோலாப்பூரில் அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு விடுதி திறந்தது. பள்ளிக்கூடம் இருந்தால் மட்டும் போதாது, தங்க இடம் கிடைத்தால்தான் பிள்ளை படிக்கும் என்று அவருக்குத் தெரியும். பரோடாவில் 1917-இல் பெரிய வேலையில் இருந்தும் தங்க ஓர் அறை கிடைக்காமல் தெருவுக்குத் துரத்தப்பட்டவர் அவர்.

இன்றைக்குப் பானை இல்லை. ஆளுக்கொரு பாட்டில் வைத்திருக்கிறார்கள், அதனால் பானைச் சண்டையும் இல்லை. ஆனால் 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஹிமாலயா மெஸ்ஸில் சைவர்களுக்குத் தனி வாசல், தனிக் கை கழுவும் இடம் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் மெஸ் ஒப்பந்தக்காரர் தாமாகச் செய்தது என்று நிர்வாகம் சொல்லி, எடுத்துவிட்டது. கத்தரிக்காய் மட்டும் சாப்பிடுவது அவரவர் விருப்பம். கை கழுவும் குழாய்க்கு என்ன சைவம், அசைவம்?

டெல்லி எய்ம்ஸில் தோரட் குழு 2007-இல் கொடுத்த அறிக்கையைக் காப்பாளர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதிகளின் மேல்மாடிகளில் ஒதுங்கிக் கிடந்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. மற்ற மாடிகளில் தொந்தரவு தாங்காமல் அவர்களாகவே அறை மாறிக்கொண்டு மேலே போனார்கள். "அவங்களேதான் கேட்டு மாறினாங்க" என்பது எவ்வளவு வசதியான பதில்! என் பீரோவிலும் அப்படி ஏழு அறைக்கான விண்ணப்பங்கள் இருந்தன.

அப்படியானால் தனி விடுதிகளே கூடாதா என்று கேட்பீர்கள். நான் தனி விடுதியில் படித்தவள். பாளையங்கோட்டையில் ஆதிதிராவிடர் நலத்துறையின் மாணவியர் விடுதி ஒன்றில். பஸ்ஸில் எங்கள் நிறுத்தம் வந்தால் "காலனி ஹாஸ்டல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் சத்தம் போடுவார். நாங்கள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்போம். ஆனாலும் அந்த விடுதி இல்லையென்றால் நான் இன்று இந்த இடத்தில் நின்று பேசமாட்டேன். எங்கள் வீட்டில் மின்விளக்கே கிடையாது.

1999 ஜூலை 23 இங்கே இருக்கும் உங்களில் பலர் பிறப்பதற்கு முன்னால். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தி ஆற்றுக்குள் விரட்டி, 17 பேர் செத்துப்போனார்கள். எங்கள் விடுதியில் எஸ்டேட் பிள்ளைகள் நாலு பேர் இருந்தார்கள். அப்போது செல்போன் கிடையாது. அவர்கள் அம்மா அப்பா ஊர்வலத்துக்கு வந்தார்களா, இருக்கிறார்களா, ஒன்றும் தெரியாது. எங்கள் காப்பாளர் அக்கா கேட்டைப் பூட்டிச் சாவியைச் சமையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, நாலு பேரிடமும் பெற்றோர் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, தனியாக ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார். ரோடெல்லாம் போலீஸ். பதினோரு மணிக்கு வந்து, "ஒங்க ஆளுக பேரு எதுவும் அங்க இல்லட்டி, சாப்பிடுங்க" என்றார். உப்புமா கிண்டச் சொன்னார். விடியும்வரை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அரசு விதியில் அவருக்கு அந்த வேலை எழுதப்படவில்லை. காப்பாளர் என்றால் யார் என்று யாராவது என்னிடம் கேட்டால் அந்தத் தாளும் கையுமாகப் போனவரைத்தான் சொல்வேன்.

2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகள் எல்லாவற்றுக்கும் "சமூகநீதி விடுதி" என்று ஒரே பெயர் வைத்தார்கள். கண்டக்டர்கள் இனி என்ன சத்தம் போடுவார்களோ தெரியாது, ஆனால் நல்ல காரியம். நிறுவனப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை எடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் சொல்லியிருந்தது. ஆனால் பலகை மாறியது கேட்டில். உள்ளே, கல்லூரி மாணவருக்குச் சாப்பாட்டுக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்ததை 2023-இல் 1,500 ஆக்கினார்கள். நாளுக்கு 50 ரூபாய். வெளியே ஒரு சாப்பாடு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். ஒரே காப்பாளர் இரண்டு விடுதிக்குப் பொறுப்பாக ஓடுவதையும் பார்க்கிறேன். இடங்களையும் பணத்தையும் குறைக்காமல், சொல்லப்போனால் கூட்டி, அறைகளைக் கலக்க வேண்டும் என்பது என் கருத்து. "எல்லாரும் ஒன்றாகிவிட்டோம், தனி விடுதி எதற்கு" என்று யாராவது இனிப்பாகப் பேசினால் முதலில் அவர்கள் கல்லூரியின் அறைப் பட்டியலைக் கேளுங்கள்.

அடுத்தது புகார். நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 9. கூடப் படித்தவர்கள் செய்த தொந்தரவால் பள்ளிக்குப் போகாமல் நின்ற ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையன், கேட்டபோது நடந்ததைச் சொன்னான். அன்று ராத்திரியே வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. புகார் எழுதி வாங்கியதும் நம் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். பிள்ளைக்கு ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. இப்போது என் விடுதியில் ஒரு புகார் வந்தால் அந்த ராத்திரி நான் வீட்டுக்குப் போவதில்லை. புகார் கொடுத்தவள் யார் என்று மற்றவர்களிடம் சொல்வதில்லை. அறை மாற்ற வேண்டியிருந்தால் தொந்தரவு செய்தவளைத்தான் மாற்றுவேன். "உன் பாதுகாப்புக்குத்தான்" என்று பாதிக்கப்பட்டவளையே பெட்டியைத் தூக்க வைப்பதுதான் வழக்கமாக நடப்பது.

அவளை விடுதியைவிட்டே வெளியேற்றுவதும் நடக்கிறது. ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலாவையும் தோழர்களையும் பல்கலைக்கழகம் விடுதியிலிருந்துதான் நீக்கியது. அவர்கள் வெட்டவெளியில் "வெலிவாடா" போட்டுத் தங்கினார்கள். தெலுங்கில் அது ஊருக்கு வெளியே உள்ள சேரி. 2016 ஜனவரி 17 அவர் இறந்தார். மெஸ் பில் கட்டவில்லை என்று ஒரு பிள்ளையின் சாப்பாட்டு அட்டையை நிறுத்தும் தாளில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வருகிறது. உதவித்தொகை தாமதமாக வருவதற்கு அந்தப் பிள்ளையா காரணம்? இப்போது அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. இதற்காக எனக்கு விளக்கக் கடிதம் வந்திருக்கிறது. எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மாணவியர் விடுதிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரம். 2025 ஜூலை 27 அன்று இதே ஊரில், கே.டி.சி. நகரில், காதலித்ததற்காக ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு என் விடுதியில் "சித்தப்பா", "அண்ணன்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள். பிள்ளையின் போனைக் காட்டச் சொல், யாரோடு பேசுகிறாள் என்று சொல், லீவு போட்டு அனுப்பு என்கிறார்கள். பெற்றோருக்கு உரிமை இல்லையா என்று என் சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். பதினெட்டு வயது ஆனவள். அவள் போக விரும்புகிறாளா என்று தனியாகக் கூப்பிட்டு அவளிடம் கேட்காமல் யாரோடும் அனுப்புவதில்லை. ஒரு தடவை ஒருத்தி, "மேடம், போகலேன்னு நீங்க சொன்னதா சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அந்த அண்ணன் என்னை ஏசிய ஏச்சை இங்கே சொல்ல முடியாது. அவள் இப்போது முதுகலை படிக்கிறாள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2012-இலேயே சமத்துவ விதிகள் கொண்டுவந்தது. விடுதியிலும் மெஸ்ஸிலும் பிரித்து வைப்பதையும் அது பாகுபாடு என்றே சொல்கிறது. பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அவருக்கே தெரியாது.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டீர்கள். பட்டியலை நானே போடுகிறேன். சேர்க்கை எண், பாடப்பிரிவு, ஊர் மூன்றையும் பார்த்து, ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒரே அறையில் விழாதபடி. முதல் ஆறு மாதத்துக்கு மாற்றம் கிடையாது, உடம்புக்கு முடியவில்லை என்றால் தவிர. மெஸ்ஸில் நான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். யார் தாமதமாக வருகிறார்கள், யார் வருவதே இல்லை என்று அங்கே தெரியும். "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்ற கேள்வியை முதல் வாரத்தில் யாரும் கேட்கக்கூடாது என்று வரவேற்புக் கூட்டத்திலேயே சொல்லிவிடுகிறேன். சிரிப்பார்கள். கேட்காமலா இருப்பார்கள்? இன்ஸ்டாகிராமில் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் சொல்கிறேன். கேட்கக் கூடாத கேள்வி என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டதே பல பிள்ளைகளுக்கு அதுதான் முதல் தடவை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. போன வருடமும் ஒரு அறை உடைந்தது. இரண்டு பிள்ளைகள் விடுதியைவிட்டு வெளியே வீடு எடுத்துப் போய்விட்டார்கள். அவர்கள் அப்பாவும் "ரெண்டு பேருதானே" என்றார். இந்த முறை முடியாது என்று சொன்னேன். நிர்வாகத்தில் விடுதிக்கு வருமானம் போயிற்றே என்றார்கள். அந்த அறையில் மிஞ்சியவளோடு வேறு அறையிலிருந்து ஒரு பிள்ளை தானாகவே வந்து சேர்ந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த விண்ணப்பத்தில் "காற்று நன்றாக வரும்" என்று எழுதியிருந்தாள்.

இங்கே இருப்பவர்களில் விடுதியில் தங்கியிருக்கும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று போய் உங்கள் மாடியில் யார் யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கோலம் தெரிந்தால் அதை எடுத்துக்கொண்டு காப்பாளரிடம் போங்கள். அவர் என்னைப் போல "கவனிக்கலியே" என்றால் தாளைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஏழரை ஆகிவிட்டது. எட்டு மணிக்கு வருகைப் பதிவு எடுக்க நான் அங்கே இருக்க வேண்டும். கேள்வி இருப்பவர்கள் பஸ் நிறுத்தம்வரை கூட வாருங்கள், பேசிக்கொண்டே போகலாம்.